தறிக்குழியில் விழுந்த இருபத்தாறாவது எலும்பு

தரணி போய்விட்டான்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் மகள் போன் செய்தாள். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு அங்கிள்..." வாயில் பிரஷ்ஷோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. நேற்று நானும் நன்றாகத் தூங்கினேன் என்பது ஞாபகம் வந்ததும் என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் தரணேந்திரனைக் காஞ்சிபுரத்தில் முட்டி வலி வந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவன் பி.யு.சி.யில் பக்கத்து பெஞ்ச்.

எழுபதுகளின் கடைசி. அவன் மெடிக்கல் காலேஜ் முதல் வருஷம். நான் பி.யு.சி. ஃபெயில் ஆகி, சின்ன காஞ்சிபுரம் வீட்டில் அப்பாவோடு தறியில். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன், பயந்துகொண்டே.

தரணி அனாடமியில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டிருந்தான். இன்னொரு தடவை போனால் ஏர் பிடிக்க வா என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். அதனால் அட்டெண்டரைக் கெஞ்சிக் கூத்தாடி, காலேஜில் இருந்த நிஜமான பாத எலும்புகளை ஒரு பிஸ்கட் டின்னில் வாங்கி வந்தான். மொத்தம் இருபத்தாறு. திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வில் அதே எலும்புகளைத்தான் மேஜையில் பரப்புவார்கள். ஒன்று குறைந்தாலும் பரீட்சை இல்லை, காலேஜே போய்விடும்.

அவர்கள் தாமல் பக்கத்து ஜைன விவசாயக் குடும்பம். மண்ணுக்கடியில் விளைகிறது என்று உருளைக்கிழங்கே வீட்டுக்குள் நுழையாது. மனுஷன் பாதம் எப்படி நுழையும்? எங்கள் வீட்டுக்கு வந்தது.

நைனா கடைக்குப் போன ஒரு மத்தியானம். தரணி என்னைத் தறிக்குழியில், மிதிபலகை இருக்கும் பள்ளத்தில், இறக்கி மிதிக்கச் சொன்னான். என் கால் பக்கத்தில் எலும்புகளை வைத்துக்கொண்டு பாடம்.

"பாரு, மேல கீழ போறதுதான் கணுக்கால் மூட்டு. பாதத்த உள்ள வெளிய சாய்க்கறே இல்ல, அது இதுக்கும் கீழ, குதிகால் எலும்பு மேல கீற வேற மூட்டு."

"அத்த என் கால்கிட்ட கொண்டாராதடா!"

"உன் கால்லயும் இதேதாம்பா கீது. தோலால மூடிக்கினு கீற, அவ்ளோதான்."

அன்று முழுக்க என் காலை நானே தொடவில்லை.

அப்போது வாசலில் நைனாவின் செருமல்... தரணி எலும்புகளை டின்னில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினான். சாயங்காலம் சைக்கிளில் திரும்பி வந்தான், முகத்தில் ரத்தமே இல்லை. "இருபத்தஞ்சுதான் கீதுடா. நடு பாதத்துல ஆப்பு மாதிரி மூணு எலும்பு வருமே, அதுல நடுவுது. சின்னது. அதக் காணோம்."

தறியில் முக்கால்வாசி முடிந்த முகூர்த்தப் புடவை. குழியில் செத்தவர் எலும்பு கிடந்தது தெரிந்தால் அந்தப் புடவையை ஒருத்தரும் தொட மாட்டார்கள். நைனா தறியைப் பிரித்துக் கொளுத்திவிட்டு, அந்த நெருப்பில் என்னையும் போட்டிருப்பார்.

மறுநாள் காலை நைனா உற்சாகமாக இருந்தார். "தறி ஆடிக்கினே இருந்துதில்ல? குழில ஒரு கல்லு கெடச்சுது. செதுக்கி வெச்சா மாதிரி ஆப்பு. தூணுக்கு அடியில அழுத்தினேன், கச்சிதமா குந்திக்கிச்சி!"

மேலே கல்யாணப் புடவை, கீழே யாரோ ஒருவரின் பாதம் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது... நைனா பாட்டுக்கு மிதிக்கிறார்!

அதே அளவில் வேப்பங்கட்டையில் ஓர் ஆப்பு செதுக்கினேன். நைனா சாப்பிட உட்கார்ந்ததும் குழிக்குள் குதித்து, எலும்பை உருவிக் கட்டையைச் செருகினேன். நிமிர்வதற்குள் தலைக்கு மேல் குரல்.

"சாப்பாட்டு நேரத்துல குழில என்னடா பண்ற?"

எலும்பு கையிலிருந்து நழுவி விழுந்தது. அதன் மேல் காலை வைத்து நின்றுவிட்டேன். வெற்றுக் காலில், எலும்பின் மேல் எலும்பு.

"முட்டி புடிச்சிக்கிச்சி நைனா... காலத் தூக்க முடியல."

அதிசயமாக நைனா பதறிப் போனார். நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு அவரே குழியில் இறங்கிவிட்டார். "காட்டுடா. தூக்கு."

தூக்கினால் தெரியும். தூக்காவிட்டால் அவரே தூக்குவார்.

தறி மிதித்த கால்விரல்கள் அன்றுதான் எனக்கு உதவின. எலும்பை விரல்களால் கவ்விக்கொண்டு காலைத் தூக்கினேன். நைனா முட்டியிலிருந்து கீழே உருவுகிறார், எண்ணெய் வழிகிறது, விரல் வழுக்குகிறது...

"விரல ஏன்டா மடக்கிக்கினு கீற?"

"வலி நைனா!"

அழுகை நிஜமாகவே வந்துவிட்டது. "சரி சரி, பொம்பளப் பிள்ளையாட்டம் அழுவாத" என்று என் தலையில் தட்டிவிட்டு மேலே ஏறிப் போனார். அவர் என் தலையைத் தொட்டது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன். அதையும் பொய் சொல்லி வாங்கினேன்.

திங்கட்கிழமை தரணி பாஸ். மூன்று ஆப்பு எலும்புகளில் நடுவில் உள்ளது எது என்றுதான் முதல் கேள்வியே. "கண்ண மூடிக்கினு எடுத்துட்டேன்டா, அது ஒண்ணுதான் எண்ணெய்ல வழுக்குச்சு" என்றான்.

புடவை ஐயம்பேட்டைக்குப் போனது. அதைக் கட்டிக் கல்யாணம் பண்ணிக்கொண்ட அம்மாவை எனக்குத் தெரியும், சௌக்கியமாக இருக்கிறார். வீட்டுக்காரர் மட்டும் லேசாக நொண்டுவார். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தரணி அவருக்கு ஃபீஸ் வாங்காமல்தான் வைத்தியம் பார்த்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

போன மாதம்கூடக் கேட்டேன்: "மாடிப்படி இறங்கறப்போ முட்டில சத்தம் வருதுடா, செத்துடுவேனா?"

"முட்டி வலிச்சு எவனும் சாவறதில்லபா. எனக்கு முன்னாடி நீ போகமாட்ட" என்று சிரித்தான். சொன்னபடியே செய்துவிட்டான், பாவி.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள், அவன் கிராமத்தில்.

வருகிறேன் தரணி. ஆனால் உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது...

கால்மாட்டில் நின்றுகொள்கிறேன்.