உள்ளே இறங்காத சொட்டு

மாமா முதன்முதலாகச் சொந்தமாக எடுத்த ஆர்டர், கைக்குழந்தைகளைத் துவட்டும் துண்டு. அதுவரை பிறர் பனியன் கம்பெனிகளில் சூப்பர்வைசராக இருந்தவர், ஊரோரம் மண்ணரையில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார். இது நல்லபடியாகப் போனால் தொழில் நிற்கும். இல்லாவிட்டால் மறுபடி யாரிடமாவது கைகட்டி நிற்க வேண்டும்.

எங்கள் ஊரில் துணியைக் கண்ணால் மட்டும் பார்த்துத் திருப்தியடைகிறவர்கள் குறைவு. கல்யாண வீட்டில்கூடப் பக்கத்து ஆளின் சட்டையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார்கள். மாமா ஒருபடி மேலே போய், குழந்தைத் துண்டுக்குக் குழந்தையின் கன்னம்தான் சரி என்று சாம்பிள்களை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கு எட்டு வயது. துணியை மெதுவாக்கும் சாஃப்ட்னர் அதிகம் போட்ட துண்டு பூனைக்குட்டி மாதிரி இருந்தது. அதையே காட்டினேன். தலைகால் புரியாத பெருமை எனக்கு.

அத்தைக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அந்தத் துண்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது உருண்டையாக அப்படியே நின்றது.

"ஏனுங்க, தண்ணியே உள்ள எறங்கலீங்க. இதுல எப்படீங்க கொளந்தையத் தொவட்டறது?"

மாமாவின் காதில் போன். எல்லாத் துணிக்கும் இதே மாதிரி சாஃப்ட்னர் போட்டுவிடலாமா என்று சாயப்பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போனால் இறங்கிவிடும், நீ பார்த்துச் சொல்லு கண்ணு என்று என்னிடம் சொல்லிவிட்டு மாமா வாசலுக்குப் போனார். அத்தை அடுப்பைப் பார்க்கப் போனார். சொட்டு அசையவே இல்லை. நான் தேர்ந்தெடுத்த துண்டையா குறை சொல்வது என்று எனக்கு அத்தைமேல் கோபம். பாவாடை நுனியால் சொட்டை ஒற்றி எடுத்தேன்.

"எறங்கிருச்சுங்க மாமா."

மாமா போனில் சரி என்றார்.

அனுப்பிய துண்டுகள் எல்லாம் திரும்பி வந்தன. குழந்தையின் உடம்பில் ஈரம் அப்படியே நிற்கிறதாம். திரும்பத் திரும்பத் துவைத்தும் பலனில்லை. அன்றைக்குத் தண்ணீர் இறங்கிய துணிதானே, இவள் அபசகுனமாக வாய் வைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று மாமா எல்லார் முன்னாலும் அத்தையைப் பேசினார். அத்தை துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். மாமா வெளியே போனதும் நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"மாமாகிட்டச் சொல்லீராத சாமி. உம்மேல உசுரா இருக்கறாரு."

ஷெட்டை விட்டுவிட்டு மாமா மறுபடி வேலைக்குப் போனார். இன்றும் பேச்சு வந்தால் அத்தையின் வாயைத்தான் பழிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லாதே என்று அத்தை சொன்னதை, மாமாவின் பழிப்பேச்சு அத்தைக்கு வலிக்கவில்லை என்றல்லவா அன்று எடுத்துக்கொண்டேன்.