ஒரே காட்டேஜில் இரண்டு சம்பந்திகள்

என் கணவர் துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்த்தார். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார். அந்த முறை வந்தபோது பெட்டியில் சென்ட் பாட்டில்களோடு ஒரு யோசனையையும் கொண்டுவந்தார். அவருடைய ஆபீசில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மேனேஜர்களைக் கம்பெனியே பாலைவனத்துக்கு அழைத்துப் போய் ஒரே கூடாரத்தில் தங்க வைத்ததாம். திரும்பி வரும்போது இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்களாம்.

"நம்ம அம்மாங்க ரெண்டு பேரையும் அதே மாதிரி ஒரு ரிசார்ட்ல போட்டுடலாம்" என்றார்.

என் அம்மாவும் என் மாமியாரும் எங்கள் கல்யாணத்தன்றோடு பேச்சை நிறுத்தியவர்கள். நாங்கள் குடவாசல் பக்கம் விவசாயக் குடும்பம், கத்தோலிக்கர்கள். அவர்கள் தஞ்சாவூர் டவுனில் லுத்தரன் சபைக்காரர்கள். எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்று ஆறு மாதம் இழுத்து, கடைசியில் எங்கள் ஊர்க் கோயிலில் கல்யாணம், அவர்கள் கோயிலில் ஜெபமும் விருந்தும் என்று முடிவானது. அந்த விருந்துக்குப் போன இடத்தில் என் அம்மா நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "பாவம், பள்ளிக்கூட ஹால் மாதிரி வெறிச்சுனு இருக்கு" என்றார். பக்கத்தில் நின்ற என் மாமியார், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், "எங்க கோயில்ல ஆண்டவர் மட்டும்தான் இருக்காரு. பொம்மைக்கெல்லாம் இடம் இல்லைங்க" என்றார். இரண்டு வாக்கியங்கள்தான். அதற்குப் பிறகு ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னார்கள். நான் தஞ்சாவூரில் மாமியாரோடு இருந்தபடி ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் இந்தத் தூது வேலையையும் பார்த்தேன்.

எங்கள் மகளுக்கு மூன்று வயதாகியும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. எந்தக் கோயிலில் கொடுத்தாலும் இன்னொரு பக்கம் வெடிக்கும் என்று நாங்கள் தள்ளிப்போட்டோம். ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு அம்மாக்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எவ்ளோ பெரிய மனசு பாருங்க. ரெண்டு பேருமே எங்க முடிவுக்கு விட்டுட்டாங்க" என்று ஆபீசில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கணவர் துபாயிலேயே இணையத்தில் படம் பார்த்து, கார்டில் பணம் கட்டி, கோடியக்கரைக்குப் போகும் வழியில் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே புதிதாக வந்திருந்த ஒரு ரிசார்ட்டில் இடம் பிடித்திருந்தார். ஒரு காட்டேஜ், இரண்டு படுக்கையறை. ஒன்று எங்களுக்கு, இன்னொன்று அம்மாக்களுக்கு. என் அப்பா, குறுவை அறுப்பு இருக்கிறது என்று தப்பித்துக்கொண்டார். மாமனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

வழியில் வேளாங்கண்ணியில் இறங்கவேண்டும் என்றார் அம்மா. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, "உங்கம்மா போயிட்டு வரட்டும், நான் கார்லயே இருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். அம்மா போய்விட்டு வந்து ஒரு பொட்டலம் பொரியைப் பேத்தியின் மடியில் மட்டும் வைத்தார்.

ரிசார்ட் வாசலில் ஃபாரஸ்ட்காரர்கள் மாதிரி காக்கி உடுப்பில் நின்றவர்கள் ஆளுக்கொரு குளிர்ந்த துண்டைக் கொடுத்தார்கள். காட்டேஜைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார். தென்னங்கீற்றுக் கூரை.

"மாப்ள, கீத்து இல்லாம, தளம் போட்ட மெத்தை வீடு எதுவும் காலி இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இதுதான் அத்தை இருக்கறதுலயே விலை கூட" என்றார் கணவர்.

என் தம்பி சிங்கப்பூர் போன பிறகுதான் எங்கள் வீட்டில் கீற்றை இறக்கிவிட்டு கான்கிரீட் போட்டார்கள். அதன் பிறகும் அம்மா திருப்திப்படாமல், கொல்லையில் கதவும் கூரையும் வைத்த குளியலறை வேண்டும் என்று அப்பாவோடு போராடி வாங்கினார். அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு போய் ரிசார்ட்காரர் குளியலறையைத் திறந்து காட்டினார். நாலு பக்கமும் சுவர், தரையில் கூழாங்கல், மேலே வானம்.

"மேல ஒண்ணும் போடலையே, வேலை இன்னும் முடியலையோ?" என்றார் அம்மா.

"அப்படித்தான் மேடம் டிசைனே. நட்சத்திரம் பாத்துக்கிட்டே குளிக்கலாம்."

"நட்சத்திரம் நம்மளப் பாக்குமே தம்பி."

அன்று மாலை வரை இரண்டு பேரும் குளிக்கவில்லை. அறையில் ஆளுக்கொரு கட்டிலில், ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஜெபமாலை உருட்டினார், ஒருவர் வேதாகமம் வாசித்தார். கணவர் எங்கள் அறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு, "கொஞ்சம் டைம் கொடுக்கணும்" என்றார்.

வேர்வை தாங்காமல் அம்மாதான் முதலில் உள்ளே போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் அலறல்.

"சம்பந்தீ! குரங்கு! சுவத்து மேல குரங்கு!"

நான் ஓடுவதற்குள் மாமியார் குடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தை நடத்திய குரல் கேட்டது: "இறங்கு! இறங்குன்னு சொன்னேன்ல! எங்க வந்து உக்காந்திருக்க?" கூரையில்லாத குளியலறை என்பதால் அந்தக் குரல் கடற்கரை வரைக்கும் போயிருக்கும். குரங்கு இறங்கிப் போயிற்று. "நீங்க குளிங்க, நான் நிக்கிறேன்" என்று குடையை விரித்துச் சுவருக்கும் அம்மாவுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி நின்றாராம். அம்மா குளித்து முடித்ததும் மாமியாருடைய முறை. குடை கை மாறியது.

கணவருக்குக் கால் தரையில் படவில்லை. "பாத்தியா? ரெண்டு பேரும் பேசிட்டாங்க" என்றார். குரங்கையும் கம்பெனியே ஏற்பாடு செய்தது போல அவர் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் மானும் காட்டுப்பன்றியும் பார்க்கலாம் என்று காட்டைச் சுற்றிக் காட்டக் கூப்பிட்டார்கள். "பன்னி பாக்க எதுக்குங்க பணம் கட்டணும்? எங்க வயலுக்கு அதுவா வருது" என்று அம்மா மறுத்துவிட்டார். கடலில் இறங்கக்கூடாது, அலை மோசம் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அதனால் கடலுக்கு எதிரிலேயே கட்டியிருந்த நீச்சல் குளத்துக்குப் போனோம். சேலையோடு குளத்தில் இறங்கக்கூடாது என்று ஒரு காக்கி உடுப்பு வந்து சொன்னதால், இரண்டு அம்மாக்களும் குடைக்குக் கீழே சாய்வு நாற்காலிகளில், சாயாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மகள் ரப்பர் வளையத்தில் மிதந்தாள், நான் இடுப்பளவு தண்ணீரில் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கணவர் கரையில் உட்கார்ந்து, மீட்டிங்கில் பேசுவதுபோலத் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, அத்தை, ரெண்டு பேரும் இருக்கறப்பவே பேசிடலாம். பாப்பாவுக்கு ஞானஸ்நானம். நமக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, அத்தை ஊர்ல. ரெண்டு, தஞ்சாவூர்ல. மூணு, இப்ப எதுவும் வேணாம், அவளுக்குப் பதினெட்டு வயசாகட்டும், அவளே முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுடறது."

மூன்றாவது வழி துபாயில் கற்றது. முதல் இரண்டையும் அவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். பதினெட்டு வயசு என்றதும் இரண்டு பேருக்கும் முகம் மாறியது.

"அதெல்லாம் வேணாம். புள்ளைக்கு ஆயாச்சு" என்றார் அம்மா.

"ஆயாச்சுப்பா" என்றார் மாமியார், அதே மூச்சில்.

பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன ஆயாச்சு?" என்றார் கணவர்.

ரப்பர் வளையம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாதான் தொடங்கினார். மகள் கும்பகோணத்தில் பிறந்த மறுநாளே மஞ்சள் காமாலை என்று எடுத்துப்போய், நீல விளக்குக்குக் கீழே வைத்திருந்தார்கள். எனக்கு ஆபரேஷன். எழுந்திருக்க முடியாது. குழந்தையின் அறையில் ஒருவர்தான் இருக்கலாம் என்பதால் இரண்டு அம்மாக்களும் முறை வைத்துப் போனார்கள். அந்த வாரம் நர்ஸ் ஏதோ சொல்லியிருக்கிறார், ரத்தம் மாற்றவேண்டி வரலாம் என்று. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

"பயந்துட்டேன் மாப்ள. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடுச்சின்னா? ஆபத்துக்கு யாரு வேணா ஊத்தலாம்னு ஃபாதர் சொல்லியிருக்காரு. பாட்டில் தண்ணிய எடுத்து நெத்தியில ஊத்தி, பேரும் வச்சுட்டேன்."

மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்க சபையிலயும் உண்டு" என்றார். "ஐயரைக் கூட்டிட்டு வர நேரமில்ல. நானே கொடுத்துட்டேன்." அவர்கள் சபையில் போதகரைத்தான் ஐயர் என்பார்கள்.

"என்ன சொல்லி ஊத்துனீங்க சம்பந்தி?"

"பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு."

"நான் பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு."

"சுதன்னாலும் குமாரன்தானே."

"அதானே" என்றார் அம்மா.

நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றேன். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் மாறி மாறி என் கட்டிலுக்கு வந்து, "எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதான், வெயில்ல காட்டுனா போயிடும்" என்று சிரித்த முகத்தோடு சொன்னதுதான் எனக்கு ஞாபகம். எனக்கு மட்டும்தான் பயம், இவர்களுக்கெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது கோபப்பட்டிருக்கிறேன். இரண்டு பேரும் எப்படி ஒரே பொய்யை இவ்வளவு ஒற்றுமையாகச் சொன்னார்கள் என்று யோசித்தேன். பேசிக்கொள்ளாதவர்கள். நான் எந்தத் தூதும் கொண்டுபோகவில்லை.

கண் கலங்கியது. குளத்துத் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டேன். துடைத்து முடிப்பதற்குள் மாமியாரின் குரல் தலைமையாசிரியைக் குரலாகிவிட்டது.

"அது சரி, பெத்தவங்க நீங்க. மூணு வருஷமா உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"அதக் கேளுங்க சம்பந்தி" என்றார் அம்மா. "நாம செஞ்சிருக்கலைன்னா புள்ள இப்படியே கிடந்திருக்கும்."

"பதினெட்டு வயசாம்."

"பதினெட்டு வயசுல அது நம்ம பேச்சக் கேக்குமா?"

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தபடி திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய திட்டம் முழு வெற்றி அடைந்திருந்தது. இரண்டு கட்சிகளும் சேர்ந்துவிட்டன, எதிர்க்கட்சியாக நாங்கள்தான் மிஞ்சினோம்.

அதன் பிறகு அவர்களைப் பிரிக்க முடியவில்லை. சாம்பாரில் சீனி போட்டிருக்கிறது என்று சேர்ந்து கண்டுபிடித்தார்கள். சமையல்காரரை வரவழைத்து மிளகு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். என் வேலை, நான் இளைத்திருப்பது, அடுத்த குழந்தையை ஏன் தள்ளிப்போடுகிறோம் என்பது எல்லாவற்றிலும் இருவருக்கும் ஒரே கருத்து. முன்பெல்லாம் ஒருவர் எதையாவது வற்புறுத்தினால், "அவங்களுக்குப் பிடிக்காது" என்று இன்னொருவரைக் காட்டித் தப்பித்துக்கொள்வேன். அந்த வசதி கோடியக்கரையோடு போயிற்று.

ஊர் திரும்பிய பிறகு, கணவர் எங்களுக்கும் கேட்டிருந்த விசா வந்து நானும் மகளும் துபாய்க்குக் கிளம்புவதற்கு முன்னால் இந்த ஞானஸ்நான விஷயத்தை முறைப்படி எழுதிவிடலாம் என்று இரண்டு அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் ஃபாதரிடம் போனோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, ஞானஸ்நானம் ஒருமுறைதான், முதலில் ஊற்றியதுதான் செல்லும், இரண்டாவது வெறும் தண்ணீர் என்றார். முதலில் ஊற்றியது யார் என்று தெரிந்தால் அந்தக் கோயிலில் எழுதிவிடலாம்.

போயிற்று, பழையபடி ஆரம்பிக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"அவங்கதான் ஃபாதர் முதல்ல" என்றார் அம்மா. "நான் டீ குடிக்கப் போனேன் பாருங்க, அப்பவே ஊத்தியிருப்பாங்க."

"இல்லைங்க ஃபாதர், சம்பந்திதான்" என்றார் மாமியார். "நான் போறப்பவே புள்ள தலை ஈரமாத்தான் இருந்துச்சு."

"அது வேர்வையா இருக்கும் சம்பந்தி."

"நீலவிளக்குல எங்கங்க வேர்க்கும்? நீங்கதான்."

"சொன்னா கேளுங்க, நீங்கதான்."

ஃபாதர் பேனாவை மூடினார். "ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா. அதுக்கப்புறம் எழுதுறேன்" என்றார்.

இரண்டு பேரும் வெளியே போனார்கள். நாங்கள் உள்ளே காத்திருந்தோம். சற்று நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். கோயில் வாசலில் மீன் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அம்மா கெண்டையைத் தூக்கிச் செவுளைப் பிரித்துக் காட்ட, மாமியார் குனிந்து பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஃபாதர் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு வேளையாயிற்று என்று ஆபீசைப் பூட்டினார்.