மாமியின் பெல்லும் தூங்குமூஞ்சி பவர் பேங்கும்

சென்ற கிழமை எங்கள் வீட்டில் கரண்ட் போனது.

இதில் என்ன புதினம், கல்முனைப் பக்கம் கரண்ட் போகாத கிழமையும் உண்டா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது கரண்டைப் பற்றியல்ல. கரண்ட் போன நேரத்தில் அடித்திருக்கவேண்டிய ஒரு பெல் அடிக்காமல் விட்டதைப் பற்றி.

அந்த பெல்லைச் செய்தவன் அடியேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். வேலை முடிந்து வந்தால் சோல்டரிங் அயனும் கையுமாக மேசையில் குந்திவிடுவேன். தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் கத்துகிற கருவி, மழை வந்தால் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்கச் சொல்லுகிற கருவி... (மழை விட்ட பிறகுதான் அது சொல்லும். அது வேறு கதை.) யாரும் கேட்காததையெல்லாம் செய்து வைத்திருக்கிறேன். முதன்முதலாக வீட்டுக்குத் தேவையான ஒன்றைச் செய்தேன் என்றால் அது மாமியின் பெல்தான்.

மாமி என்றால் என் மனைவி ஹசீனாவின் உம்மா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு மாமி பின்வளவில் ஓர் அறையைக் கட்டிக்கொண்டு அங்கே மாறிவிட்டார். மாமா மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகும் அந்த அறைதான். ஜன்னலைத் திறந்தால் அவருடைய கோழிக்கூடு, முருங்கை மரம், கிணற்றடி. அந்தக் கிணற்றடியில்தான் போன மாதம் வழுக்கி விழுந்தார். கால் முறிவு. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். யாராவது பிடித்தால்தான் கட்டிலை விட்டு எழும்பலாம்.

மூத்த மகள் அக்கரைப்பற்றில் இருக்கிறார். எனக்கு மதினி. செய்தி கேட்ட அன்றே வேனோடு வந்து இறங்கிவிட்டார்.

“உம்மாவ நான் கூட்டிப் போறன். இஞ்ச பின்னால தனியக் கிடந்து கூப்பிட்டா ஆருக்குக் கேக்கும்?”

கேள்வியில் பிழையில்லை. அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றமே கிடக்கிறது. மாமி என்ன சொன்னார் தெரியுமா?

“கோழிக்கு ஆரு தீன் போடுற?”

அவ்வளவுதான். போக விருப்பமில்லை என்பது ஹசீனாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோழிகளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மாமி அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். மகள்மாரிடமே சொல்லாதவர் மருமகனிடமா சொல்லப்போகிறார்?

நான் இந்த வீட்டுக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல். மாமி என்னோடு நேருக்கு நேர் கதைத்ததை விரல்விட்டு எண்ணலாம். நான் முன்னால் நிற்கும்போதே, “புள்ள, அவருக்குத் தேத்தண்ணி குடுத்தியா?” என்று மகளிடம்தான் கேட்பார். நானும் சளைத்தவனல்ல. “குடிச்சிட்டன் எண்டு மாமிட்டச் சொல்லு” என்பேன். நடுவில் ஹசீனா தபால்காரர் மாதிரி நிற்பாள். மரியாதை அப்படி!

மதினியிடம் நானே மத்தியஸ்தம் பேசினேன்.

“கொஞ்ச நாள் தாங்க மதினி. மாமிக்கு நான் ஒரு பெல் செஞ்சு தாறன். அமத்தினா வீடே அதிரும்.”

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார். மழைக் கருவியின் புகழ் அக்கரைப்பற்றுவரை போயிருந்தது. இருந்தாலும் இறங்கிவந்தார்.

“பெல் அடிச்சி ஆக்கள் வந்தா உம்மா இஞ்ச இரிக்கட்டும். இல்லாட்டி வேன் வரும்.”

என்ன ஒப்பந்தம் பாருங்கள்! மாமியின் இருப்பிடம் என் சோல்டரிங்கில் தொங்கியது.

வேலையில் இறங்கினேன். மாமியின் தலைமாட்டில் கார் ரிமோட் மாதிரி ஒரு பட்டன். எங்கள் குசினிக் கதவுக்கு மேலே பெல். கரண்ட் போனாலும் அடிக்கவேண்டுமே? அதற்கு ஒரு ஏற்பாடு. சுவரில் போன் சார்ஜர். அதிலிருந்து யூஎஸ்பி வயரில் ஒரு பவர் பேங்க். பவர் பேங்கிலிருந்து பெல்லுக்கு இன்னொரு வயர். கரண்ட் இருக்கும்போது சார்ஜர் பவர் பேங்கை நிரப்பும். கரண்ட் போனால் பவர் பேங்க் பெல்லைப் பார்த்துக்கொள்ளும். ‘இந்த சார்ஜரைக் கழற்றாதீர்கள்’ என்று ஒரு துண்டும் ஒட்டினேன். எங்கள் வீட்டில் சும்மா இருக்கிற சார்ஜரை யாரும் விட்டுவைப்பதில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கோ சிக்கனப் பித்து. பெல் எவ்வளவு குறைவாகக் கரண்டை இழுக்கிறதோ, பவர் பேங்க் அவ்வளவு நாள் தாங்கும் அல்லவா? போர்டில் எரிந்துகொண்டிருந்த சின்னச் சிவப்பு லைட்டைக்கூட வீண்செலவென்று பிடுங்கி எறிந்தேன். கடைசியில் பெல் இழுக்கிற கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று மீட்டரே சந்தேகப்பட்டது. “ஒரு கிழமை கரண்ட் இல்லாட்டியும் இது அடிக்கும்!” என்று ஹசீனாவிடம் மார்தட்டினேன்.

சோதனையும் செய்துகாட்டினேன். சுவரில் சுவிட்சை அணைத்தேன். “மாமிட்ட அமத்தச் சொல்லு!” மாமி அமத்தினார். பெல் அலறியது. முற்றத்துக் கோழிகள் நாலு பக்கமும் பறந்தன. இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

பிறகுதான் அந்தக் கரண்ட் கட்.

பின்னேரம். ஹசீனா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஹோலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் நின்று வெகுநேரம். திடீரென்று பின்வளவிலிருந்து, திரும்பி வந்த ஹசீனாவின் சத்தம். ஓடிப்போனேன். மாமி கட்டிலில் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறார்! உடம்பெல்லாம் வியர்வை. பாத்ரூம் போகவேண்டி பெல்லை அமத்தி அமத்திப் பார்த்திருக்கிறார். ஒருவரும் வரவில்லை. தானே எழும்பிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், விழவில்லை.

மாமியைத் தூக்கி உட்கார்த்திய பிறகு ஹசீனாவிடம் கேட்டேன்.

“நான் ஹோல்லதானே இருந்தன். ஃபேனும் நிண்டு கிடந்திச்சு, ஒரு சத்தம் வெச்சிருந்தாக் கேட்டிருக்குமே?”

“அதான் காரணம்” என்றாள். “நீங்க மட்டும்தானே இருந்தீங்க. பெல்லெண்டா வேற. வாய் திறந்து உங்களயா உம்மா கூப்பிடுவா?”



ஆனாலும் செய்தவனின் கர்வம் லேசில் போகுமா? கரண்ட் வந்ததும் பட்டனை அமத்திப் பார்த்தேன். கணீரென்று அடித்தது. சுவிட்சை அணைத்துவிட்டு அமத்தினேன். அப்போதும் அடித்தது! “மாமி சரியா அமத்தல்ல போல” என்று மெதுவாகச் சொல்லிவைத்தேன். ஹசீனா அதை மாமியிடம் கொண்டுபோக, முற்றம் தாண்டிப் பதில் வந்தது.

“நான் அமத்தினன் எண்டு அவருக்குச் சொல்லு புள்ள. விரலும் நோகுது எண்டு சொல்லு.”

இந்த ஹசீனாவுக்கு மறைக்கத் தெரியாது. இரவே அக்கரைப்பற்றுக்குக் கதை போய்விட்டது. மதினி போனில் ஒரே வரிதான் சொன்னார். “வெள்ளிக்கிழமை வேன் வரும்.”

உண்மை பிடிபட்டது எப்படித் தெரியுமா? என் கெட்டித்தனத்தால் அல்ல. மறுநாள் மீண்டும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பட்டனை எடுக்கப்போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு போன். நண்பன் ஒருவன், காணிப் பிரச்சினை. சொல்லி முடிக்க வெகுநேரம். கதைத்துவிட்டு வந்து அமத்தினால்... சத்தமே இல்லை. பவர் பேங்கைப் பார்த்தேன். வயிறு நிறையச் சார்ஜ் இருக்கிறது. ஆனால் ஒரு லைட்டும் எரியவில்லை. நிம்மதியாகத் தூங்குகிறது!

விஷயம் இதுதான். பவர் பேங்க் போனுக்காகச் செய்த சாமான். போன் நிறைந்துவிட்டால் கரண்ட் இழுப்பதை விட்டுவிடும். ‘சரி, இனி இங்கே ஆருமில்லை’ என்று பவர் பேங்கும் கொஞ்ச நேரத்தில் தன்னை அணைத்துக்கொள்ளும். என் பெல்லோ சொட்டுச் சொட்டாக இழுக்கிற பெல். பவர் பேங்கின் கணக்கில் அப்படி ஓர் ஆளே இல்லை. சுவரில் கரண்ட் இருக்கும்வரை அது விழித்திருந்தது. கரண்ட் போய்ச் சற்று நேரத்தில் படுத்துவிட்டது. நான் ஒவ்வொரு தடவையும் அது படுப்பதற்கு முன்பே சோதித்துவிட்டு வெற்றி விழாக் கொண்டாடியிருக்கிறேன்.

கலியாண வீட்டில் நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சஹனில் இதைப் பார்த்திருப்பீர்கள். கறி கொண்டுவருகிறவர், தலையைக் குனிந்து மெதுவாகச் சாப்பிடுகிற மனிசனைத் தாண்டிப் போய்விடுவார். நிமிர்ந்து கையை ஆட்டுகிறவருக்கு மூன்றாவது தரமும் விழும். குறைவாகக் கேட்கிறவருக்கு ஒன்றும் தேவையில்லை என்று பவர் பேங்க் மட்டுமா நினைக்கிறது? நான் நினைக்கவில்லையா? பேப்பரும் கையுமாக ஹோலில் இருந்தவன் யார்?

மருந்து எளிது. ஒரு டோர்ச் பல்ப். சில விநாடிக்கு ஒரு தரம் அது சும்மா ஒருமுறை மின்னவேண்டும். அந்த மின்னலுக்குப் பவர் பேங்கிலிருந்து ஒரு வாய் கரண்டை நன்றாக இழுக்கும். பவர் பேங்க் திடுக்கிட்டு, ‘ஓ, ஆள் இருக்கிறது’ என்று விழித்திருக்கும். ஒரு கிழமைப் பெருமை இரண்டு மூன்று நாளாகச் சுருங்கிப்போனது. போகட்டும். பல்ப்பை மாமியின் ஜன்னலுக்குத் தெரிகிற மாதிரி குசினிக் கதவு நிலையில் பொருத்தினேன்.

உடனே தபால் வந்தது. “அது என்னத்துக்குச் சும்மா சும்மா மின்னுற எண்டு கேளு புள்ள.”

“நான் இரிக்கன் எண்டு பெட்டரிக்குச் சொல்லுது. சொல்லாட்டி ஆருமில்ல எண்டு அது படுத்திரும்” என்றேன், முற்றத்தைப் பார்த்து.

“தேவையில்லாமலே கூப்பிடுதா?”

“ஓம்.”

மாமி பல்ப்பையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறும் முடிந்தது. வாசலில் வேன். மதினி மாமியின் உடுப்பை மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கிவிட்டார். மாமி கோழிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார்.

“ஒரு அரை மணித்தியாலம் மதினி” என்று கெஞ்சினேன். “மெயின் சுவிட்சயே அணைக்கிறன். அரை மணித்தியாலத்துக்குப் பொறகு மாமிய அமத்தச் சொல்லுவம். அடிக்காட்டிக் கூட்டிட்டுப் போங்க, நான் மறிக்க மாட்டன்.”

அணைத்தேன். ஃபேன்கள் நின்றன. நாங்கள் ஹோலுக்கு வந்து உட்கார்ந்தோம். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். மதினி முந்தானையால் விசிறிக்கொண்டே என்னை முறைத்தார். நான் குசினிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்னுகிறது... அணைகிறது... மின்னுகிறது. நேரம் நெருங்க ஹசீனா மாமியிடம் சொல்ல எழும்பினாள்.

அவள் கதவைத் தாண்டவில்லை. பெல் அலறியது!

ஓடினேன். எனக்குப் பின்னால் ஹசீனா, அவளுக்குப் பின்னால் மதினி. மாமி கட்டிலில் சாய்ந்து, பட்டன் கையில் இருக்க, அமைதியாக இருந்தார். மகள்மாரைப் பார்க்கவில்லை. நேரே என்னைப் பார்த்தார்.

“ஒண்டுமில்ல மருமகன். சும்மாதான். நீங்கெல்லாம் இரிக்கீங்களா எண்டு பாத்தன்.”

மதினி பையைத் திறந்து, மடித்து வைத்த உடுப்பை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெயின் சுவிட்சைப் போடவேண்டும் என்று சாட்டுச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

பெல்லில் இப்போது ஒரு குறைதான். ஒரு நாளைக்குப் பல தடவை அடிக்கிறது. ஓடிப்போனால், பாதித் தடவை “சும்மாதான் மருமகன்.”

இந்தக் கோளாறை மட்டும் நான் திருத்துவதாக இல்லை.