திரையில் மூன்று படகுகள்

காலை 6.10. திரையில் முதலில் தெரிந்தவை மூன்று சிவப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறிய படகு, கரையை நோக்கி நேராக, வேகமாக.

காட்டுப்பாக்கத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி. பத்திரிகை வேலையை விட்டபின் அங்கே சோதனை அறிக்கைகள் எழுதிக்கொண்டிருந்தேன். கூட்டமாகப் பாய்ந்து வரும் எதிரிப் படகுகளைக் கண்டுபிடித்துக் கப்பலுக்குச் சொல்லும் கேமரா எங்களுடையது. சோதனைக்காக வடசென்னைக் கரையில் ஒரு கம்பத்தின்மேல் வைத்திருந்தோம். கப்பலில் பொருத்தியபின், சிவப்பு விழுந்தால் துப்பாக்கி தானே அந்தத் திசைக்குத் திரும்பும். பத்து மணிக்குக் கடற்படை அதிகாரிகள் பெங்களூரிலிருந்து காரில் வருவதாக இருந்தது. தேறினால் ஆர்டர். தேறாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

மூன்று வருடமாக இதற்கே உழைத்த பெண் பொறியாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மூணையும் ஒரே நேரத்துல புடிச்சிருக்கு சார். டைம் எழுதிக்குங்க."

எழுதினேன்.

கம்பத்தை வெல்டிங் செய்த ஃபிட்டர், டீ கிளாஸோடு பின்னால் நின்றிருந்தார். அவருடைய மாமியார் வீடு மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில்.

"இன்னா மேடம், மீன் ஏத்திகினு வர்றவனப் போயி சிவப்புல போட்டுக்கீறீங்க?"

"மீன்காரங்க இவ்வளவு வேகமாவா வருவாங்க?" என்றார் பொறியாளர்.

"ஏலம் முடிஞ்சிட்டா எவன் வாங்குவான்? பறந்துகினுதான் வருவான். படகு எவ்ளோ முழுகிக்கீது பாரு."

"வெடிமருந்து ஏத்தினாலும் முழுகும், அண்ணே."

"வெடிமருந்து பின்னாடி காக்கா வருமா மேடம்?"

திரையில் காக்கா இல்லை. எந்தப் பறவையும் இல்லை. கணக்கைக் குழப்புகின்றன என்று பறவைகளை அழித்துவிடும்படி நாங்கள்தான் மென்பொருளில் செய்து வைத்திருந்தோம். எங்களில் யாரும் மீன் இறங்கும் நேரத்தில் கரையில் நின்றதில்லை.

பொறியாளர் அந்த அழிப்பை நீக்கினார். மூன்று படகுகளுக்குப் பின்னாலும் வெள்ளையும் கருப்புமாக ஒரு பெரும் பறவைக் கூட்டம் மொய்த்து வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். பறவை துரத்தும் படகைப் பச்சையாக்கிவிடலாம் என்றேன்.

"கடலுக்குப் போறப்பவும் பறவை வருமா?" என்றார் பொறியாளர்.

"அப்போ வராது. வெறும் படகுல இன்னா கீது, காக்கா வர்றதுக்கு?" என்றார் ஃபிட்டர்.

சரிசெய்ய ஒரு மாதமாவது ஆகும் என்றார் பொறியாளர். மீன்படகே இல்லாத ஏரியில் எடுத்த பழைய பதிவு இருந்தது. அதைக் காட்டினால் அன்றே தேறிவிடலாம். அதை அவர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

ஒன்பது இருபதுக்கு அதிகாரியைப் போனில் கூப்பிட்டு, காலையில் பார்த்ததை முழுவதும் சொன்னார்.

பக்கத்துக் குமணன்சாவடி வரை வந்துவிட்ட கார் அங்கிருந்தே திரும்பிப் போனது.