குன்வோரின் விடுமுறை நாள்

விடுமுறை நாளிலும் குன்வோருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நார்வேக் கடற்கரை ஊர் ஒன்றின் மருத்துவமனையில் அவள் மூத்த தாதி. வயதானவர்களைப் படுக்கையிலேயே போட்டுவைக்காமல், காலையில் உடை மாற்றி, ஜன்னலோர மேசைக்கு நடத்திவந்து சாப்பிடவைக்கும் வழக்கத்தை வார்டில் கொண்டுவந்தவள் அவள்தான். தான் இல்லாதபோதும் அது நடக்கிறதா என்ற அரிப்பு தாங்காமல் கிளம்பிவிட்டாள்.

வார்டில் ஜன்னலோர மேசை காலியாக இருந்தது. கிழ மீனவர் எய்லிஃப் படுக்கையில் முனகிக்கொண்டிருந்தார்.

"நேத்துலேருந்து ஒரே குழப்பமா இருக்கார். நாம சொல்றது எதுவும் புரியல," என்றாள் இளம் தாதி மாலின்.

குன்வோர் இழுப்பறையில் கிடந்த காதுக்கருவியை எடுத்து அவருக்கு மாட்டினாள். "எய்லிஃப், காபி வேணுமா?"

"அதுக்கு ஏன் இப்படிக் கத்துறே? கொண்டா!"

அவரை எழுப்பக் கை நீட்டினாள். மாலின் குறுக்கே வந்தாள்.

"விடுங்க குன்வோர். காதுக்கருவிய மறந்தது என் தப்புதான். ஆனா எல்லாத்தையும் நீங்களே செஞ்சா நாங்க எப்பத்தான் பழகுறது? வீட்டுக்குப் போங்க."

குன்வோருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நகர்ந்துகொண்டாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, மாலினின் தோளைப் பற்றியபடி எய்லிஃப் மேசையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவசரமாக மாட்டிவிட்ட சட்டையில் பொத்தான்கள் மாறிப் போடப்பட்டிருந்தன. சரிசெய்யத் துறுதுறுத்த கைகளைக் கோட்டுப் பையில் நுழைத்துக்கொண்டு குன்வோர் வெளியேறினாள்.