பயற்றுத்தோல் அடைத்த சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மலாக்காவின் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு சைக்கிள் கடையில் புதுச் சீட்டு ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்குகிற எண்ணமெல்லாம் இல்லை. சந்தையில் சிலர் மாம்பழத்தை அழுத்தாமல் நகரமாட்டார்கள் அல்லவா, எனக்கு இது. கடைக்காரச் சீனர் கையில் செயின் எண்ணெயோடு வந்து நின்று, "எவ்ளோ தூரம் போறது?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"மூவார்" என்றது என் வாய்.

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. மூவாருக்குப் போகப்போகிறேன். இருபத்தேழு மைல். மூவாரில் பீபிக் இன்னும் இருக்கிறார் என்று அக்கா ஒரு வாரம் முன்பு சொல்லியிருந்தாள். பீபிக்கிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வருஷமாகச் சொல்லவில்லை.

பீபிக் எங்கள் பக்கத்து வீடு. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி, வேலியில் ஒரு ஆள் நுழைகிற சந்து. மலாய் பேசுகிற பாபாச் சீனர் வீடுகளில் மூத்த பெண்களைப் பீபிக் என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம், அவருடைய சொந்தப் பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. (எனக்குத் தெரியும். அதுதான் வினையாயிற்று.) புருஷன் இல்லை, ஒரே மகன் மூவாரில் மரப்பட்டறையில் வேலை. ஜாடி ஜாடியாகப் பச்சைப்பயறு முளைகட்டி, அதைத்தான் இங்கே தாவ்கே என்கிறோம், சந்தைக்கு அனுப்புவார். முளையை அலசும்போது பச்சைத் தோல் மிதக்கும். அதை வடித்து, முறத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பார். காயும் தோலுக்கு ஒரு வாசனை உண்டு. ஈர மண்ணும் பழைய கோணியும் கலந்தாற்போல. அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் நான் தெருவை மாற்றிக்கொண்டு போவேன்.

பொறுங்கள், சீட்டை விட்டுவிட்டேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம் எனக்குப் பத்தொன்பது வயது. சீனியர் கேம்பிரிட்ஜ் முடித்துவிட்டு உலகத்தை ஒரு கை பார்ப்பது என்றிருந்தவனுக்கு, ஜாசினைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் தற்காலிக வாத்தியார் வேலை கிடைத்தது. திங்கள் காலை இருபத்திரண்டு மைல் போவது, வெள்ளி மாலை இருபத்திரண்டு மைல் திரும்புவது. பஸ் இருந்தது. பஸ்ஸில் போகிறவனா நான்? இரண்டாம் கையாக ஒரு சைக்கிள் வாங்கினேன். கீழே வளைந்த ஹேண்டில் பார், மெல்லிய சக்கரம், ஊதினால் பறக்கும் என்று நினைத்தேன். பறந்தது. ஆனால் அதன் தோல் சீட்டு பலகை மாதிரி. பத்தாவது மைலில் நெருப்பு, பதினைந்தாவது மைலில் மரத்துப்போய் ஒன்றுமே தெரியாது. ஒன்றுமே தெரியாமல் போவதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. கல்யாணம் ஆகாத பையன், யாரிடம் போய்க் கேட்பது?

முதல் வாரம் முழுக்க நின்றபடியே பாடம் நடத்தினேன். பெரிய வாத்தியார் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, நாற்காலி மேல ஏதும் கோவமா?" என்றார். பிள்ளைகள் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஆராய்ச்சி ஆரம்பம். துண்டை மடித்துக் கட்டினேன். ஆயர் மோலேக் வருவதற்குள் நழுவிச் சக்கரத்தில் சிக்கியது. தோட்டத்தில் கெஞ்சி வாங்கிய ரப்பர் ஷீட்டை நான்காக மடித்து வைத்தேன். வெயிலில் இளகிக் கால்சட்டையோடு ஒட்டிக்கொண்டது, அந்த நாற்றத்தில் அம்மா என்னைப் பின்கட்டோடு நிறுத்திவிட்டாள். இலவம்பஞ்சுத் திண்டு கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ஒரு மழை போதும், கல்லாகிவிடும். மெத்தென்று இருக்க வேண்டும் என்று தேடினேன், அங்கேதான் தவறு. மெத்தென்று இருப்பது பத்து மைலுக்குப் பிறகு வேறு எங்கோ போய் அழுத்தும். வேண்டியது மெத்தை அல்ல, நம் எலும்பின் வடிவத்தை வாங்கிக்கொண்டு அப்படியே இருக்கிற ஏதோ ஒன்று.

அது என்னவென்று ஒரு ஞாயிறு மத்தியானம் கண்ணில் பட்டது. அக்காவின் எட்டு மாதப் பெண் குழந்தை தூங்கி எழுந்தது. அக்கா அதைத் தூக்கினாள். தலையணையில் தலை இருந்த குழி அப்படியே இருந்தது. பீபிக் கொடுத்த தலையணை அது. காய்ந்த பயற்றுத்தோலை அடைத்து, நீலப்பூப் போட்ட துணியில் தைத்தது. குழந்தைக்குத் தலை சூடு ஏறாது, உருண்டையாக வளரும் என்பார்கள் சீனர்கள். அழுத்தினால் சரசரக்கும். கையை எடுத்தால் கையின் அச்சு நிற்கும்.

திருட்டுதான், வேறென்ன சொல்வது. அக்கா குளிக்கப் போனதும் எடுத்தேன். பழைய மழைக்கோட்டுத் துணியை மேலே போட்டு, சீட்டோடு சேர்த்து அடியில் கயிற்றால் இறுக்கித் தைத்தேன்.

"பாப்பா தலகாணி எங்கடா?"

"பூனை இழுத்துட்டுப் போயிருக்கும்கா."

"பூனை தலகாணி போட்டுத் தூங்குதாக்கும்?"

மறுநாள் காலை, ஆகா! பதினைந்தாவது மைலில் நான் பாடிக்கொண்டு போனேன். பயற்றுத்தோல் என் எலும்புக்கு ஏற்ற இரண்டு குழிகளைத் தானே செய்துகொண்டது. காற்றும் புகுந்தது. உலகத்துக்கே எழுதிப்போட வேண்டிய கண்டுபிடிப்பு என்று மனதுக்குள் கட்டுரையே தயாராகிவிட்டது.

அதே உற்சாகத்தோடு ரோட் பிளாக்குக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த நாட்களை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவசரகாலம். மலாக்கா டவுனில் பயம் குறைந்துவிட்டது, ஆனால் ஜாசினைத் தாண்டினால் வேறு நாடு. சாலையில் இரண்டு தகர டிரம், குறுக்கே ஒரு மூங்கில், பக்கத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். காட்டுக்குள் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது. பம்புக்குள் அரிசி, டயருக்குள் அரிசி என்று பிடிபட்டவர்களின் கதைகள் எங்களுக்குப் பாடம். பிடிபட்டால் ஜெயில், கேள்வி கேட்காமல் முகாமிலும் போடலாம். இத்தனையும் தெரிந்த நான், தானியம் போலச் சரசரக்கும் மூட்டையின் மேல் உட்கார்ந்து, பாடிக்கொண்டு போயிருக்கிறேன். படித்தவன் அல்லவா!

வழக்கமாக என் பையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள் சைக்கிளை நகர்த்துவதற்காகச் சீட்டைப் பிடித்தார். சரசர.

அவர் கை நின்றது. மறுபடி அழுத்தினார். சரசர.

"என்ன வாத்தியாரே இது?"

"சீட்டுங்க."

"சீட்டு பேசுமா?"

பின்னால் வரிசையில் நின்ற பால்வெட்டுப் பெண் ஒருத்தி, "வாத்தியாரு சீட்டுல தலகாணி கட்டிட்டு வந்திருக்காருடி, தூங்கிக்கிட்டே ஓட்டுவாரு போல" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை. மலாய்க் கார்ப்பரலைக் கூப்பிட்டார். சிரிப்பு நின்றது. அந்தப் பெண்ணே என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

சாக்கு குத்திப் பார்க்கிற நீளக் கம்பியைக் கார்ப்பரல் சீட்டுக்குள் செருகினார். என் முழங்கால் ஆடியது. ஆடுகிறது என்று தெரிந்ததும் இன்னும் ஆடியது. ஆடினால் குற்றவாளி என்று நினைத்துக்கொள்வார்களே என்று அதற்கு மேலும் ஆடியது. கத்தியை எடுத்து ஒரே கிழியாகக் கிழித்தார். பச்சையும் பழுப்புமாகத் தோல் செம்மண்ணில் கொட்டியது. காற்று அடித்தது. பாதி பறந்துபோயிற்று. அவர் ஒரு சிட்டிகை எடுத்து மோந்தார், பல்லில் வைத்துக் கடித்தார், துப்பினார்.

"கோசோங்" என்றார். காலி. தமிழ்க் கான்ஸ்டபிளைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். வரிசையும் சிரித்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

முடிந்த இடத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

கார்ப்பரல் பேச்சுவாக்கில், "சியாப்பா பூவாட்?" என்று கேட்டார். யார் செய்தது? "நானே" என்று சொல்லியிருக்கலாம். "அக்கா" என்றாலும் போதும். ஆனால் வகுப்பில் வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்குகிற பையன் நான். முழுமார்க்குக்குக் குறைந்து பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதோடு அந்தப் பயம். அவர் சிரித்த பிறகும் என் உடம்புக்குச் சேதி எட்டவில்லை. பீபிக்கின் முழுப்பெயரைச் சொன்னேன். வீடு எங்கே என்று சொன்னேன். பயற்றை மூட்டை மூட்டையாக வாங்குவார் என்று சொன்னேன். மகன் மூவாரிலிருந்து வந்துபோவான் என்றும் சொன்னேன். கேட்டது ஒன்று, சொன்னது நான்கு.

கார்ப்பரல் சிரிப்பதை நிறுத்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

தமிழ்க் கான்ஸ்டபிள் காலியான தலையணை உறையை என் கையில் திணித்தபடி மெல்லச் சொன்னார்: "ஏன் வாத்தியாரே இவ்ளோ பேசுனீங்க?"

மீதி மைல்களை நின்றபடியே மிதித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமைகள். வீட்டுக்குத் திரும்பும்போது காஜா பெராங் முனையில் சைக்கிளை நிறுத்தி, முதலில் பீபிக் வீட்டைப் பார்ப்பேன். கதவு திறந்திருக்கிறதா? முறம் வெயிலில் இருக்கிறதா? இருந்தால்தான் மூச்சு வரும். போய்ச் சொல்லிவிடலாம் என்று வேலிச் சந்து வரை போவேன். "வா, சாப்பிட்டியா?" என்பார் மலாயில். "சாப்பிட்டேன்" என்று திரும்பிவிடுவேன். குழந்தைக்குப் புதுத் தலையணை வேறு தைத்துக் கொடுத்திருந்தார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை முறம் இல்லை.

"புதன்கிழமை போலீஸ் வந்திச்சிடா" என்றாள் அக்கா. "ஜாடியெல்லாம் தொறந்து கொட்டிப் பாத்தாங்க. அவங்கள ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாங்க. பொழுது சாயத்தான் விட்டாங்க. பாவம், எந்த நாய் போய்ச் சொல்லிச்சோ."

நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சொம்பைக் கீழே வைத்தேன்.

நான் சொன்னதால்தான் வந்தார்களா, அந்த மாதம் எல்லாச் சீனர் வீட்டுக்கும் போனது போல இங்கேயும் வந்தார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தச் சின்ன நோட்டு விடுவதில்லை.

சற்று நேரத்தில் பீபிக்கே வேலிச் சந்து வழியாக வந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் வெளிறிப்போயிருந்தேன் போல. அவருக்காக நான் பயந்துபோயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். தோளைத் தட்டி, "ஜாங்கான் தாகுட்லா" என்றார். பயப்படாதே.

அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த வாரம் வேலிச் சந்தில் தகரம் அடித்திருந்தது. யார் மேலும் கோபமில்லை, பயம்தான் என்று அக்கா சொன்னாள். தாவ்கே வியாபாரம் நின்றது. மெர்டேக்கா வந்து, தெருவெல்லாம் கொடி கட்டி முடிந்த கொஞ்ச நாளில் அவர் மகன் லாரியோடு வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். நான் தோட்டத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமை வந்தபோது வீடு காலி. கோசோங்.

இப்போது அந்த வீட்டில் வேறு குடும்பம். வேலியே இல்லை, செங்கல் சுவர். முறங்கள் இல்லை, அந்த வாசனை இல்லை. ஜாசின் சாலையில் டிரம்மும் மூங்கிலும் இருந்த இடத்தில் லாலாங் புல் இடுப்பளவு நிற்கிறது. ஆனால் அந்த இடம் வந்தால் என் கால்கள் இன்னும் தானாகச் சைக்கிளை விட்டு இறங்கிவிடுகின்றன. பின்னால் வருகிறவன் மணியடித்துத் திட்டிக்கொண்டு போகிறான். தலையணைக்கு உரியவள் முதலாம் வகுப்பில் இருக்கிறாள். பீபிக் யார் என்று கேட்கிறாள். நல்ல உருண்டைத் தலை.

கடைக்காரச் சீனர் புதுச் சீட்டை என்னிடம் விற்கவில்லை. வெளியே வந்து என் பழைய தோல் சீட்டைத் தடவிப் பார்த்தார். ஆறு வருஷ வெயிலிலும் வேர்வையிலும் அதிலேயே இரண்டு குழிகள் விழுந்திருந்தன. "இது உனக்குப் பழகிருச்சு. எண்ணெய் போடு, போதும்" என்றார். கேட்டீர்களா? நான் தேடித் திருடியதெல்லாம், பொறுத்திருந்தால் தானே கிடைத்திருக்கும்.

எண்ணெய் போட்டு இரண்டு நாள் ஆகிறது. உஜோங் பாசிர், உம்பாய், மெர்லிமாவ், பிறகு ஆற்றைக் கடக்கப் பெரிப் படகு, அந்தக் கரையில் மூவார். மரப்பட்டறை எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டேன். கிழிந்த நீலப்பூ உறையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அதை நீட்டினால் நான் ஆரம்பிக்கத்தான் வேண்டும். முதல் வாக்கியத்தை மலாயில் எழுதிப் பார்த்தேன். "பீபிக், அன்றைக்குப் போலீஸிடம் உங்கள் பெயரைச் சொன்னது நான்." ஒன்றே ஒன்று. கூடுதலாக எதுவும் சொல்லப் போவதில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்படுகிறேன். மழை பெய்தாலும் புறப்படுவேன் என்று இங்கே எழுதிவைக்கிறேன். ஏனென்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க நான் மேகத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பேன்.