குறியும் குரியும்

பெங்களூர் தொம்மலூரில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே காபி ஆற்றும் மஞ்சண்ணா, காலையில் என்னை நலம் விசாரிப்பதில்லை. என் ஆட்டைத்தான் விசாரிப்பார். "ஏனு குரு, குரி சென்னாகிதியா?" கன்னடத்தில் குரி என்றால் செம்மறியாடு. என் வாடகை அறையில் நான் காலை மடக்கிப் படுத்தால்தான் கதவையே சாத்த முடியும். ஆட்டுக்கு ஏது இடம்? நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காபியை வாங்கிக்கொள்வேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஆடு வந்த கதையைச் சொல்ல வேண்டும். நான் இருப்பது கம்பெனிகளுக்குச் சின்னம் வரைந்து கொடுக்கும் சிறிய டிசைன் அலுவலகம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், இந்த வேலையை அங்கே விளக்குவது கஷ்டம். 'பெங்களூர்ல படம் பண்றான்' என்று அம்மா சொல்லிவைக்க, சினிமா எப்போது வரும் என்று தெருவே காத்திருக்கிறது. என் பயிற்சிக் காலம் முடியும் சமயத்தில் முதலாளி சவிதா மேடம் ஒரு வேலை கொடுத்தார். நிரந்தரமாகிறவர்கள் தங்களுக்கென்று ஓர் அடையாளம் வரைந்து வரவேற்பறைச் சுவரில் ஏற்ற வேண்டும். எழுத்து கூடாது, முகம் கூடாது, கோடும் வடிவமும் மட்டும். பார்த்தால் 'இது இவன்தான்' என்று தெரிய வேண்டும். சுவரில் ஏறினால் வேலை. ஏறாவிட்டால் ஊருக்குப் பேருந்து.

நான் எதையும் சிரத்தையாகச் செய்கிறவன். என் வேர், என் பயணம், என் ஏக்கம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சுழல் வரைந்து, பக்கம் நிறைய விளக்கமும் எழுதிக்கொண்டு போனேன். மேடம் நெடுநேரம் பார்த்துவிட்டு, கொசுவத்தியா என்று கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பக்கத்து மேசை ஜெயசீலன் கோலார் தங்கவயல்காரன், இப்போது ஸ்ரீராம்புரத்தில் குடியிருப்பவன். "உன் ஏக்கத்துல புகை வருது மச்சான்" என்றான்.

மறுநாள் ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். மேடம் என் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பாட்டில் என்பதால், மாறிப்போகாமலிருக்க என்னுடையதில் சாய்வாக ஒரு கோடும் கீழே ஒரு புள்ளியும் போட்டிருந்தேன். இது என்ன என்றார். கன்னடத்திலேயே பதில் சொல்லி நல்ல பெயர் வாங்கலாமென்று, "நன்ன குறி, மேடம்" என்றேன். என் அடையாளம் என்பது என் நினைப்பு. நம் வல்லின 'ற' அவர் காதில் தேய்ந்து, என் ஆடு என்று விழுந்தது.

மேடம் பாட்டிலைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கோடு முதுகு, புள்ளி மேய்கிற தலை என்று அவரே கண்டுபிடித்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். இத்தனை குறைந்த கோட்டில் இப்படி ஓர் ஆட்டை அவர் கண்டதில்லையாம். நான் திருத்த வாயெடுத்ததும் ஜெயசீலன் என் காதருகே குனிந்தான்.

"ஆடாவே இருந்துட்டுப் போ மச்சான், முதல்ல கன்ஃபர்ம் ஆகட்டும். தமிழ்ல அதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்குன்னு தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

இருந்தாலும் ஓர் ஆட்டின் தயவில் நிரந்தரமாக மனம் ஒப்பவில்லை. சொல்லிவிட்டேன். செங்கம் பக்கம் எங்கள் அப்பா செம்மறி மேய்க்கிறார். மந்தைகள் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க, எங்கள் ஆடுகளின் இடுப்பில் சிவப்புச் சாயத்தால் இந்தக் கோடும் புள்ளியும் போடுவார். சிலேட்டு, டிபன் பாக்ஸ், செருப்பு என்று என் பொருள்கள் எல்லாவற்றிலும் நானும் அதையே போட்டுப் பழகிவிட்டேன்.

மேடம் யோசித்தார். "அப்போ இது குரி இல்லா, குரி மேலே போடறது" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். "அப்டின்னா குரி நீனே."

அலுவலகமே சிரித்தது. கன்னடத்தில் குரி என்றால் ஏமாளி என்றும் பொருள் உண்டு. எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. அன்று மாலையே குறி சுவரில் ஏறியது. சிரிப்பு எதிரே காபிக் கடைவரை போய்ச் சேர்ந்தது.

சுவரைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். என் பெயரை எழுதி அனுப்பினால் அவருக்குப் படிக்க வராது. இதைப் படித்துவிட்டார். உடனே போன் செய்து, "நம்ம ஆடு எதுடா அங்க வந்துச்சு?" என்றார்.

பொங்கலுக்குப் போனபோது கழுத்திலிருந்த அலுவலக அட்டையைக் கழற்ற மறந்து பேருந்திலிருந்து இறங்கிவிட்டேன். எங்கள் பக்கம் இடுப்பில் குறி இருந்தால் வீட்டு ஆடு, கழுத்தில் கயிறு ஏறினால் விலைபோன ஆடு. பட்டியருகே நின்ற அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பட்டிக்குடா போயிட்ட?" என்றார், சிரித்துக்கொண்டுதான். அவசரமாகக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தேன். நாடா மட்டும் வெளியே தொங்கியது. பக்கத்தில் நின்ற செம்மறி ஒன்று, இடுப்பில் எங்கள் குறியோடு, அதைக் கடித்து மெல்ல ஆரம்பித்தது. நான் இழுத்தேன், அதுவும் விடவில்லை.